உப்புக்காற்றும் பி.எல்.சி.யும்: குமரி மாவட்டத் தொழிற்கூடங்களில் கட்டுப்பாட்டுப் பேனல்

பி.எல்.சி. என்று தொழிற்கூடங்களில் வழங்கும் நிரல்வழிக் கட்டுப்படுத்தி ஒரு சிறு கணினி. சுவிட்ச், சென்சார் ஆகியவற்றிலிருந்து வரும் சைகைகளை அது படிக்கும். நினைவகத்தில் எழுதிவைத்த நிரலின்படி முடிவெடுக்கும். மோட்டாரையோ வால்வையோ ஹீட்டரையோ அதற்கேற்ப இயக்கும். இந்த மூன்று வேலைகளையும் சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். கார் மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்துக் கட்டும் தொல்லைக்கு 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் மாற்று கேட்டது. டிக் மோர்லியும் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்தில் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய மோடிகான் 084 அதற்கு விடையாக 1969இல் வந்தது. நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் எளிதில் பழகிக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை நோக்கம். ஏணி போன்ற லேடர் நிரல் இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கார் ஆலை இல்லை; எஃகு ஆலையும் இல்லை. பி.எல்.சி.க்கு இங்கே வேலை வேறு இடங்களில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் கனிம மணல் ஆலை இயங்குகிறது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகமும் தனியார் தோட்டங்களும் தரும் பாலைப் பதப்படுத்தும் கூடங்கள் உள்ளன. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களின் மீன்பிடியை நம்பி ஐஸ் பிளான்ட்கள் ஓடுகின்றன. மீன்வலை பின்னும் ஆலைகள், முந்திரி ஆலைகள், ஊர்தோறும் குடிநீர் பம்ப் நிலையங்கள், கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை நடுத்தர, சிறு அளவுக் கூடங்கள். ஒரு பேனல் நின்றுபோனால் மாற்றாக ஓட இன்னொரு லைன் இராது.

இந்தச் சூழலில் கன்ட்ரோலரை எப்படித் தேர்வது? விற்பனைப் பட்டியல்கள் முன்னிறுத்துவது வேகத்தையும் நினைவகத்தையும். இம்மாவட்டக் கூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை இரண்டும் தேவைக்கு மேலேயே கிடைக்கின்றன. ஐஸ் தொட்டியின் உப்புநீர் ஒரு டிகிரி குளிரவே பல நிமிடம் எடுக்கும். அங்கே பத்து மில்லி விநாடி முன்னே பின்னே ஆவதில் எதுவும் மாறிவிடாது. மூன்று கேள்விகள்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை. பேனல் எந்தக் காற்றில் நிற்கப் போகிறது? அதற்கு எப்படிப்பட்ட மின்சாரம் வரப் போகிறது? இரவு இரண்டு மணிக்கு நின்றுபோனால் யார் வந்து திறக்கப் போகிறார்?

காற்று

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கடல் உப்பை அள்ளிவரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. கரையோரக் கூடத்தில் காலையில் பேனல் கதவைத் திறந்தால் உட்புறத் தகட்டில் பனித்திருக்கும் ஈரத்தைக் கையாலேயே உணரலாம். பகலில் சூடேறிய பெட்டி இரவில் குளிரும்போது உள்ளிருக்கும் ஈரக் காற்று நீராகப் படிகிறது. உப்புத் துகளும் அந்த ஈரமும் சேர்ந்தால் சர்க்யூட் போர்டின் நுண்ணிய செப்புத் தடங்களுக்கு இடையே கசிவு மின்சாரம் ஓடத் தொடங்கும். முதலில் எப்போதாவது காரணமின்றி ஓர் இன்புட் மினுங்கும். ஆறு மாதம் கழித்து போர்டு முழுவதும் செத்துப்போகும்.

ஐஸ் பிளான்ட்டுக்கும் ரப்பர் பால் கூடத்துக்கும் இன்னொரு பொதுப் பகை உண்டு: அம்மோனியா. ஐஸ் பிளான்ட்டில் அது குளிர்விக்கும் வாயு. ரப்பர் கூடத்தில் பால் உறையாமல் காக்கும் மருந்து. ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். டெர்மினல் திருகைக் கழற்றினால் வயர் நுனியில் நீலம் பூத்திருக்கும். பித்தளைத் துண்டுகள் நாளடைவில் வெடித்து முறியும். ரப்பரைக் கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்யும் இடங்களில் நிலைமை வேறு விதம். கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரிலே முனைகள் பெரும்பாலும் வெள்ளிக் கலவையால் ஆனவை. ஆகவே "கரையோரம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தினால் போதாது. கூடத்தின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்ட பிறகே டெர்மினலையும் லக்கையும் தேர வேண்டும். வெள்ளீயம் பூசிய லக், போர்டின்மேல் பாதுகாப்புப் பூச்சு பூசிய கன்ட்ரோலர் ஆகியவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு இங்கே ஆடம்பரமல்ல. சீமென்ஸ் தன் சாதாரண மாடல்களுக்கு இணையாகப் பூச்சுள்ள சிப்ளஸ் வரிசையை விற்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களும் பூச்சிட்ட வகைகளைத் தருகின்றன. காற்றின் அரிப்புத் தன்மையை அளக்க ஐ.எஸ்.ஏ. 71.04 என்ற தரநிலை இருக்கிறது. ஒரு செப்புத் துண்டை ஒரு மாதம் கூடத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் படிந்த படலத்தின் தடிமனை அளப்பார்கள். 300 ஆங்ஸ்ட்ரமுக்குக் குறைவாக இருந்தால் அது அரிப்பு குறைந்த சூழல், ஜி1. அதைத் தாண்டினால் பூச்சில்லாத போர்டை வைப்பது பணத்தை வீணாக்குவது.

பெட்டியின் பாதுகாப்பைக் குறிக்கும் ஐ.பி. எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீர் புகாது என்று பொருள். துரு பிடிக்காது என்று அந்த எண் எங்கும் உறுதி தருவதில்லை. பவுடர் கோட்டிங் செய்த இரும்புப் பெட்டி கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தாராளமாக உழைக்கும். துறைமுகத்தை ஒட்டிய இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே துரு கிளம்பும். அங்கே 316 வகை துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. அதிலுள்ள மாலிப்டினம் உப்பைத் தாங்குகிறது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் கண்ணாடி இழைப் பெட்டி நல்ல மாற்று. எந்தப் பெட்டியானாலும் கேபிள் கீழ்ப்பக்கமாக, கிளாண்டு வழியாகவே நுழைய வேண்டும். மேலே துளையிட்டால் கேபிளைத் தொடர்ந்து தண்ணீரும் வழிந்து உள்ளே இறங்கும். தெர்மோஸ்டாட் வைத்த சிறு ஹீட்டர் இரவில் பெட்டியைச் சில டிகிரி சூடாக வைத்திருந்தால் பனிப்பு நின்றுவிடும்.

வெப்பம்

பேனலுக்கு விசிறி வைப்பது உள்நாட்டில் இயல்பான தீர்வு. கடலோரத்தில் அது உப்பைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைப்பதற்குச் சமம். ஃபில்டர் உப்புத் துளியைத் தடுக்காது. பெட்டியை முழுக்க மூடினாலோ வெப்பம் தகட்டு வழியாக மட்டுமே வெளியேற முடியும். அது எவ்வளவு என்பதைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம்.

சுவரில் மாட்டிய, 600 மி.மீ. அகலம், 800 மி.மீ. உயரம், 250 மி.மீ. ஆழம் உள்ள பெட்டிக்கு வெப்பம் வெளியேற்றும் பரப்பு சுமார் 1.24 சதுர மீட்டர். பெயின்ட் செய்த இரும்பில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 5.5 வாட் வெளியேறும். பவர் சப்ளை, காண்டாக்டர் காயில்கள், பி.எல்.சி. எல்லாம் சேர்ந்து 100 வாட் வெப்பம் உண்டாக்கினால் உள்ளே வெளியைவிட சுமார் 15 டிகிரி கூடும். தகரக் கூரைக்குக் கீழே 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் 53. சீமென்ஸின் எஸ்7-1200 வரிசைக் கன்ட்ரோலரை டின் ரெயிலில் கிடைமட்டமாக மாட்டினால் 60 டிகிரி வரை தாங்கும். ரெயிலைச் செங்குத்தாக மாட்டினால் 50 வரை மட்டுமே. ஆக ரெயிலை எந்தத் திசையில் அடிக்கிறோம் என்பதே அந்தப் பெட்டியின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடுகிறது. இதே பெட்டிக்குள் மோட்டாரின் வேகத்தை மாற்றும் 7.5 கிலோவாட் வி.எஃப்.டி. ஒன்றையும் திணித்தால், அதன் இழப்பை மூன்று சதவீதம் என்று வைத்தாலும் இன்னும் 225 வாட் கூடும். உள்வெப்பம் 85 டிகிரியைத் தொடும். வி.எஃப்.டி.க்குத் தனிப் பெட்டி என்பது இந்தக் கணக்கு தரும் தீர்ப்பு. பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மூடிய பேனல்களில் பி.எல்.சி.க்கு முன்பே 24 வோல்ட் சப்ளை போய்விடுவதற்கு இதுவே காரணம்.

மின்சாரம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிரலை பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருந்த பழைய வகைக் கன்ட்ரோலர்களுக்கு அப்படிப்பட்ட நீண்ட இருட்டு ஆபத்தானது. பேட்டரி தீர்ந்திருந்தால் மின்சாரம் திரும்பும்போது நிரல் இராது. இன்றைய கன்ட்ரோலர்கள் நிரலை ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கின்றன. ஆனால் எந்தெந்த எண்ணிக்கைகளும் நிலைகளும் மின்தடைக்குப் பிறகும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர்தான் குறித்துக்கொடுக்க வேண்டும்.

நீண்ட தடையைவிட அன்றாடம் தொல்லை தருவது ஒரு கணம் விழுந்து எழும் வோல்டேஜ். லைனில் தென்னை மட்டை உரசினால் போதும். அந்த நொடியில் பேனலுக்குள் நடப்பது கவனிக்க வேண்டியது. 24 வோல்ட் சப்ளை தன் கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பைக் கொண்டு சமாளித்துவிடும், பி.எல்.சி. எதையும் உணராது. நேரடியாக ஏ.சி.யில் ஓடும் காண்டாக்டரோ கழன்றுவிடும். மோட்டார் நின்றபின்னும் பி.எல்.சி.யின் அவுட்புட் எரிந்துகொண்டிருக்கும். வோல்டேஜ் திரும்பியதும் எல்லாக் காண்டாக்டர்களும் ஒரே நேரத்தில் இழுக்கும். எல்லா மோட்டார்களும் ஒருங்கே கிளம்ப, மெயின் பிரேக்கர் விழும். ஸ்டார்-டெல்ட்டா ஸ்டார்ட்டராக இருந்தால் மோட்டார் ஸ்டார் நிலையைக் காணாமலே நேராக டெல்ட்டாவில் ஏறும். மருந்து எளியது. ஒவ்வொரு காண்டாக்டரின் துணை முனையையும் இன்புட்டாகக் கொண்டுவந்து, "போடு என்றேன், போட்டாயா?" என்று நிரல் சரிபார்க்க வேண்டும். அரை விநாடிக்குள் பதில் வராவிட்டால் அந்த அவுட்புட்டை இறக்கிவிட்டு, மோட்டார்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இன்புட் பட்டியல் இதனால் நீளும். அந்தச் செலவைக் குறைத்த பேனல்களே ஆடி மாதத்தில் அடிக்கடி நிற்பவை.

முப்பந்தல் காற்றாலைகளில் இதே பிரச்சினை வேறு அளவில் எழுகிறது. மின்வலையில் பழுது ஏற்பட்டு வோல்டேஜ் விழும்போது பழைய இயந்திரங்கள் உடனே கழன்றுகொள்ளும். நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒரே கணத்தில் கழன்றால் வலையே ஆட்டம் காணும். அதனால் மத்திய மின்சார ஆணையம் 2013இல் திருத்திய இணைப்பு விதிகள், வோல்டேஜ் 15 சதவீதமாக விழுந்தாலும் பழுது விலகும் வரையான சிறு இடைவெளியைத் தாங்கி இணைப்பிலேயே நிற்க வேண்டும் என்று புதிய காற்றாலைகளுக்கு நிபந்தனை விதித்தன. கோபுரத்தின் அடியில் நிற்கும் பேனலில் கன்ட்ரோலருக்கும் அதன் காண்டாக்டர்களுக்கும் தனி யு.பி.எஸ். இருந்தாலொழிய அது நடக்காது.

இடியும் இம்மாவட்டத்தின் கணக்கில் சேர வேண்டியது. பம்ப் நிலையத்திலிருந்து குன்றின்மேல் உள்ள மேல்நிலைத் தொட்டிவரை இழுத்த கேபிள், மின்னல் உண்டாக்கும் மின்னழுத்தத்துக்கு நீண்ட ஆன்டெனா போல வேலை செய்யும். இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும்; இயன்ற இடத்தில் அந்தக் கேபிளையே விட்டுவிட்டு ரேடியோ மோடம் வைப்பது இன்னும் நல்லது.

கணக்கெடுப்பு: ஓர் ஐஸ் பிளான்ட்

தேர்வின் மையவேலை, எத்தனை இன்புட், எத்தனை அவுட்புட், எந்த வகை என்று பட்டியல் போடுவது. அம்மோனியா கம்ப்ரஸர் ஒன்று, கன்டென்சர் பம்ப் ஒன்று, உப்புநீரைக் கலக்கும் அஜிட்டேட்டர் ஒன்று கொண்ட சிறு ஐஸ் பிளான்ட்டை எடுத்துக்கொள்ளலாம். மூன்று மோட்டாருக்கும் ஓடுகிறது, ஓவர்லோடு என்று இரண்டிரண்டு இன்புட்: ஆறு. உயர் அழுத்தம், தாழ் அழுத்தம், ஆயில் அழுத்தம், கன்டென்சர் நீரோட்டம்: நான்கு. ஸ்டார்ட், ஸ்டாப், ஆட்டோ-மேனுவல்: மூன்று. எமர்ஜென்சி ஸ்டாப், ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே, அம்மோனியா கசிவு டிடெக்டர்: மூன்று. ஆக 16. அவுட்புட்டில் ஸ்டார்-டெல்ட்டாவுக்கு மூன்று, பம்ப், அஜிட்டேட்டர், திரவ லைன் சோலினாய்டு, அன்லோடர், ஹூட்டர், இரண்டு விளக்கு: மொத்தம் 10. அனலாக் இன்புட் மூன்று: உப்புநீர் வெப்பநிலை, இரு பக்க அழுத்தங்கள்.

சந்தையில் பரவலாக விற்கும், எஸ்7-1200 வரிசையின் சி.பி.யு. 1214சி மாடலில் 14 இன்புட், 10 அவுட்புட், 2 அனலாக் இன்புட் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஏறக்குறைய போதும் போலத் தோன்றும். இன்புட் இரண்டு குறைகிறது. அவுட்புட் சரியாகப் பொருந்துகிறது. அதாவது நாளை இன்னொரு சோலினாய்டு சேர்க்க இடமே இல்லை. அந்த இரண்டு அனலாக் இன்புட்டும் 0-10 வோல்ட் மட்டுமே படிக்கும். களத்தில் வரும் அழுத்த டிரான்ஸ்மிட்டரோ 4-20 மில்லி ஆம்பியர் தரும். எட்டு இன்புட், எட்டு ரிலே அவுட்புட் கொண்ட ஒரு விரிவாக்க மாடியூலும் நான்கு அனலாக் இன்புட் மாடியூலும் சேர்த்தால்தான் கணக்கு முடியும். வெப்பநிலை அளக்கும் பி.டி.100 சென்சாருக்கு இடையில் ஒரு டிரான்ஸ்மிட்டரும் வேண்டும். கொட்டேஷனில் சி.பி.யு.வின் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஏமாறும் இடம் இது. பட்டியல் முடிந்தபின் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்வது நடைமுறை வழக்கம்.

அவுட்புட்டின் வகையும் முக்கியம். ரிலே அவுட்புட் ஏ.சி., டி.சி. இரண்டையும் சுவிட்ச் செய்யும். ஆனால் முனைகள் தேயும். டிரான்ஸிஸ்டர் அவுட்புட் தேயாது, வேகமானது, டி.சி. மட்டும், அதுவும் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான். நிமிடத்துக்குப் பலமுறை திறந்து மூடும் வால்வுக்கு ரிலே அவுட்புட் கொடுத்தால் சில மாதங்களில் முனை ஒட்டிக்கொள்ளும். மீன்வலை பின்னும் இயந்திரத்தில் சுழற்சியை எண்ணும் வேலைக்கு அதிவேகக் கவுன்டர் இன்புட்டும் வேண்டும். இம்மாவட்டத்தில் கன்ட்ரோலரின் வேகம் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய சில இடங்களில் அது ஒன்று. எந்த வகையானாலும் கன்ட்ரோலர் நேரே பெரிய காண்டாக்டரை இழுக்கக் கூடாது. நடுவில் சாக்கெட்டில் செருகிய சிறு ரிலே இருந்தால், தேய்வது அந்த ரிலேயாக இருக்கும். அதை மாற்ற சில நிமிடமே போதும்.

மணவாளக்குறிச்சி போன்ற மணல் ஆலையின் தேவை இதிலிருந்து வேறுபடும். இல்மனைட், ரூடைல், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் பிரிக்கும் வேலையில் கன்வேயர்களும் எலிவேட்டர்களும் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும். தொடங்கும்போது கடைசிக் கன்வேயர் முதலில் ஓட வேண்டும், நிறுத்தும்போது முதலாவது முதலில் நிற்க வேண்டும். நடுவில் ஒன்று நின்றால் அதற்கு முந்தியவை எல்லாம் அந்தக் கணமே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் குவிந்து பெல்ட் புதைந்துவிடும். நூற்றுக்கணக்கான புள்ளிகள் கூடம் முழுக்கச் சிதறிக்கிடக்கும் இத்தகைய இடத்தில் எல்லா வயரையும் ஒரே அறைக்கு இழுப்பது வீண். ஆங்காங்கே தொலைநிலை மாடியூல் பெட்டிகள் வைத்து, ஒற்றை நெட்வொர்க் கேபிளில் மையக் கன்ட்ரோலருடன் இணைப்பது முறை. எதிர்த் திசையில், ஒரு போர்வெல் மோட்டாரும் ஒரு தொட்டியும் மட்டும் என்றால் ஸ்மார்ட் ரிலே போதும். மாற்றமே வராது என்றால் சாதாரண ரிலே வயரிங்கும் குறைவானதல்ல.

வயரிங்

இந்தியப் பேனல் கடைகளில் ஃபெரூல் என்றால் வயரின் எண் எழுதிய வளையம். வயர் நுனியில் அழுத்தும் உலோகக் குழாய் பின் லக். இரண்டுமே பேனலின் ஆயுளைக் கூட்டுபவை. பின் லக் இல்லாமல் பிரிநூலாகத் திருகில் மாட்டிய வயர், அதிர்வில் தளர்ந்து எப்போதாவது மட்டும் தொடர்பு விடும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதைவிட எரிந்துபோன போர்டைக் கண்டுபிடிப்பது எளிது.

415 வோல்ட் பவர் வயரும் சிக்னல் வயரும் ஒரே பி.வி.சி. சேனலில் போகக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்க வேண்டும். 4-20 மில்லி ஆம்பியர் கேபிளின் ஷீல்டை வழக்கமாக ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வார்கள், வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்ய வேண்டும். டி.சி. காயிலின் குறுக்கே டயோடும் ஏ.சி. காயிலின் குறுக்கே ஆர்.சி. ஸ்னப்பரும் வைக்காவிட்டால், காயில் விடும் ஒவ்வொரு முறையும் எழும் வோல்டேஜ் எகிறல் கன்ட்ரோலரைக் குழப்பும்.

ஸ்டாப் பட்டனும் அழுத்தக் கட்-அவுட்டும் மூடிய முனையாகவே வயர் செய்யப்பட வேண்டும். வயர் அறுந்தாலோ அம்மோனியா அரித்தாலோ சைகை அற்றுப்போகும், பிளான்ட் நிற்கும். திறந்த முனையாக வயர் செய்தால் அறுந்த வயர் "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

பாதுகாப்பு

எமர்ஜென்சி ஸ்டாப் சாதாரண பி.எல்.சி. வழியாக மட்டும் போகக் கூடாது. நிரலில் ஒரு பிழை, அல்லது ஒட்டிக்கொண்ட ஓர் அவுட்புட் போதும், சிவப்புப் பட்டனை அழுத்தியும் மோட்டார் ஓடும். பட்டன் நேராகப் பாதுகாப்பு ரிலேயை வெட்ட வேண்டும், அது காண்டாக்டர் மின்சாரத்தை வெட்ட வேண்டும், பி.எல்.சி.க்கு அதன் செய்தி மட்டும் போக வேண்டும். அம்மோனியா கம்ப்ரஸரின் உயர் அழுத்தக் கட்-அவுட்டுக்கும் இதே விதி. வயரிங்கில் நேராக வெட்டும் சுவிட்சும், அதை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் நிரலும் இரண்டும் வேண்டும். இயந்திரங்களின் மின்பாதுகாப்பைப் பேசும் ஐ.இ.சி. 60204-1 தரநிலை, மின்சாரம் திரும்பியதும் ஆபத்து விளைவிக்கக்கூடிய இயந்திரம் தானே கிளம்பக் கூடாது என்கிறது. மின்தடை நேரத்தில் அஜிட்டேட்டருக்குள் கைவிட்டுக் குப்பை எடுக்கும் தொழிலாளியை எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் நியாயம் விளங்கும். மேலே சொன்ன ஒவ்வொன்றாகத் தொடங்கும் ஏற்பாடும் ஆள் கைவைக்க முடியாத மோட்டார்களுக்கே பொருந்தும். மற்றவற்றுக்கு ஒருவர் வந்து பட்டனை அழுத்த வேண்டும்.

நிரலும் மொழியும்

1993இல் வெளியான ஐ.இ.சி. 61131-3 தரநிலை நிரல் மொழிகளை வகைப்படுத்தியது. லேடர், பிளாக் வரைபடம், எழுத்து வடிவ நிரல், படிநிலை வரைபடம் ஆகியவை இன்று புழங்குபவை. நிறுவனத்துக்கு நிறுவனம் மென்பொருள் மாறினாலும் சிந்தனை ஒன்றே. கோணம் ஐ.டி.ஐ.யிலும் அரசு பாலிடெக்னிக்கிலும் படித்துவிட்டு இங்குள்ள ஆலைகளில் சேரும் எலெக்ட்ரீஷியன்கள் திறந்து படிக்கக்கூடியது லேடர்தான். கணக்கு அதிகமான இடங்களில் எழுத்து வடிவ நிரலைப் பயன்படுத்தலாம். இன்டர்லாக் எல்லாம் லேடரில் இருப்பது நல்லது.

ஆப்பரேட்டர் பார்க்கும் திரை தமிழில் இருக்க வேண்டும். "ஆயில் அழுத்தம் குறைவு" என்று படித்தவர் ஆயிலைப் பார்ப்பார். புரியாத ஆங்கில வரியைக் கண்டவர் ரீசெட்டை அழுத்துவார். விலை குறைந்த சில திரைகள் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாதவை. கொம்பும் காலும் இடம் மாறி விழும். வாங்கும் முன் "கொதிகலன்", "மோட்டார் ஓவர்லோடு" போன்ற சொற்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். சரியாக வராவிட்டால் செய்திகளைப் படமாக்கி ஏற்றலாம். கொஞ்சம் உழைப்புதான், செய்யத்தக்க உழைப்பு.

மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு நெறிமுறை 1979 முதல் இருந்துவருகிறது, மின்அளவி, வி.எஃப்.டி. போன்றவற்றோடு பேச அது இன்றும் போதும். தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்று பி.எல்.சி.யை நேராக இணையத்தில் திறந்துவைப்பது மட்டும் கூடாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், நிரலை மாற்றி இயந்திரத்தையே உடைக்கலாம் என்று காட்டிவிட்டது. வி.பி.என். வழியே மட்டும் அனுமதி, தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுவது என்ற இரண்டையும் செய்தாலே பெரும்பாலான ஆபத்து விலகும்.

ஆயுளும் பழுதும்

1990களின் நடுவில் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய சீமென்ஸின் எஸ்7-300 வரிசையைப் படிப்படியாக விலக்கும் கட்டம் 2023இல் தொடங்கியது. முப்பந்தலில் 1990களில் நட்ட காற்றாலைகள் பலவற்றில் இறக்கை சுழல்கிறது, கியர்பாக்ஸும் தாங்குகிறது. கன்ட்ரோலர் போர்டுதான் கிடைப்பதில்லை. பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கும் என்றால், கன்ட்ரோலர் வரிசை இப்போது தன் ஆயுளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்பது அவசியம். தள்ளுபடி விலையில் வரும் மாடல் பெரும்பாலும் விடைபெறும் மாடல்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 240. இரவில் நின்ற பேனலுக்கு உதிரிப்பாகம் இந்தத் தொலைவுகளைக் கடந்துதான் வர வேண்டும். சீமென்ஸ், மிட்சுபிஷி, டெல்டா, புனேயின் மெசுங் என்று எந்தப் பெயரானாலும் அடிப்படை வேலையை எல்லாமே செய்யும். ஆகவே சிறந்த பிராண்டு எது என்ற கேள்விக்கு இங்கே பொருத்தமான விடை, பக்கத்துக் கூடங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது, உள்ளூரில் நான்கு பேருக்குத் திறக்கத் தெரிந்தது. ஒரே துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் பிளான்ட்காரர்கள் கூடிப்பேசி ஒரே வரிசையை வாங்கினால், ஒரு சி.பி.யு.வும் ஒரு பவர் சப்ளையும் பொது உதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நிரலின் உரிமை. பேனல் செய்துகொடுத்தவர் நிரலைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டுப் போய், பிறகு அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், ஒரு டைமரை இரண்டு விநாடி கூட்டுவதற்குக்கூட முழு நிரலையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். அதனால் ஆர்டர் போடும் நாளிலேயே சிலவற்றை எழுத்தில் சேர்த்துவிட வேண்டும்: குறிப்புகளோடு கூடிய மூல நிரல், அதன் கடவுச்சொல், திரையின் மூலக் கோப்பு, கட்டிமுடித்த நிலைக்குத் திருத்திய வயரிங் வரைபடம், இன்புட்-அவுட்புட் பட்டியல். வரைபடத்தின் ஒரு நகல் பேனல் கதவின் உட்புறப் பையில் இருக்க வேண்டும். நிரலின் ஒரு நகல் கூடத்துக்கு வெளியே, உரிமையாளரின் கையில் இருக்க வேண்டும். இவை எல்லாம் வந்து சேர்ந்த பிறகே பேனலுக்கான கடைசித் தவணையைக் கொடுங்கள்.